இருநூறு மைக்ரான்

கோடைக் கடலியல் முகாமுக்கான படிவத்தில்
ஆறாவது கேள்வி:
உங்கள் பள்ளியிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

நான் இருநூறு கிலோமீட்டர் என்று எழுதினேன்.
சவுடேஸ்வரி தன் தாளில்
'பஸ் போற வழியாவா, எங்க சாக்கடை போற வழியாவா?'
என்று திருப்பிக் கேட்டிருந்தாள்.
அடித்துவிட்டு ஒழுங்காக எழுது என்றேன்.
அடிக்கவில்லை.
அம்மாபேட்டை அரசுப் பெண்கள் பள்ளிக்கு
இரண்டு இடம் கிடைத்தது,
ஆசிரியர் ஒன்று, மாணவி ஒன்று.

பரங்கிப்பேட்டையில் எல்லாருக்கும் ஒரே படகு,
ஒரே ஆரஞ்சு மிதவைச் சட்டை.
பத்தொன்பது வருடம்
கரும்பலகையில் நீலச் சுண்ணாம்பால் நான் போட்ட கடல்
முகத்துவாரம் தாண்டிய கால் மணியில்
காலை இட்லியைத் திருப்பிக் கேட்டது.
என் நெற்றியைப் பிடித்துக்கொண்டவள் சொன்னாள்:
'தூரமா பாருங்க மிஸ், தண்ணியப் பாக்காதீங்க.
ஏற்காடு பஸ்ல ஏழாவது வளைவுலயே
இதெல்லாம் கத்துக்கிட்டேன்.'

அப்போதுதான் வலையை இறக்கினார்கள்.
கூம்பு வடிவம், வாலில் ஒரு குப்பி,
கண்ணளவு இருநூறு மைக்ரான்.
ஆய்வாளர் சொல்லி முடிக்கும் முன்
இவள் நகத்தால் இழையை ஒதுக்கிப் பார்த்து,
'பாவு சரியா இருக்கு சார், ஊடை தளர்ச்சி.
இழுக்க இழுக்க ஒரு பக்கமா விலகும்.'
மூன்றாம் நாள் விலகியது.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. வலை வாங்க நிதி இல்லை.
செவ்வாய்ப்பேட்டையில்
கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சட்டத்துத் துணி
ஒன்றரை மீட்டர்,
ஜவ்வரிசி ஆலை கழித்துப் போட்ட சல்லடை வளையம்,
வாலுக்கு ஒரு இருமல் மருந்துக் குப்பி.
அவள் அம்மா தைத்துக் கொடுத்தார்,
எதற்கென்று கேட்காமல்,
வாடகை வண்டிக்காரர் மட்டும் கேட்டார்:
'மூக்கனேரில மீன் புடிக்க இவ்ளோ சின்னக் கண்ணா?'

பள்ளியின் ஒரே நுண்ணோக்கியில்
கண்ணாடி கீறல்.
கீறலுக்கு இந்தப் பக்கம், ஒரு துளி ஏரியில்
ஒற்றைக் கண்ணோடு
துள்ளிப் போனது ஒரு துடுப்புக்காலி.
இடுப்பில் இரு முட்டைப் பை,
சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள் மாதிரி.
கடலில் பார்த்தோமே அதன் பங்காளி.
மீசை மட்டும் கொஞ்சம் குட்டை.
நாற்பத்தொரு பெண்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.
மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த செவ்வாய், பாலத்தடியில்
திருமணிமுத்தாற்றில் வலையைப் போடலாம் என்றது அவள்தான்.
பெயரில் மணியும் உண்டு முத்தும் உண்டு.
குப்பியில் வந்தது
பஞ்சுத் துகள், ஒரு ஷாம்பு உறையின் மூலை,
அப்புறம் நிறம்.
கீறலின் இரு பக்கமும் தேடினோம்.
துள்ள ஒன்றுமில்லை.

அட்டவணையில் எண்ணிக்கை: 0 என்று எழுதினாள்.
பேனாவை மூடவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில், சின்ன எழுத்தில்:
ராமர் பச்சை. எங்க அப்பா பட்டறை.
திங்கட்கிழமைச் சாயம்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
அவள் அப்பாவை எனக்குத் தெரியும்.
பெற்றோர் கூட்டத்துக்கு
விரலிடுக்கில் கறையோடு வந்து
கையைப் பின்னால் கட்டிக்கொள்பவர்.

'இந்தக் கட்டத்த மட்டும் விட்டுரலாமா?' என்றேன்,
எத்தனை மைக்ரான் குரலில் என்று தெரியவில்லை.

'முகாமுக்கு அனுப்புறதுதானே மிஸ்,' என்றாள்,
வலையை உதறி மாடிக் கொடியில் போட்டபடி.
'காவிரி, கொள்ளிடம்னு
தண்ணி முன்னாடியே போயிருச்சு.
தாள்தான் லேட்டு.'

மூன்று முறை அலசியும்
வலையின் வால் இன்னும் பச்சை.