பத்துக்கு ஏழு

குன்னூர். செவ்வாய், காலை ஆறரை.
சர்ச் ஹாலின் மடக்கு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு
ஆறு பேர் நிற்கிறோம், ஸ்வெட்டரோடு.
மூத்தவனுக்கு இருபத்தாறு.
சின்னவள் ரெஜிலாவுக்குப் பதினேழு.
எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் முடி அடர்த்தி,
சுருட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது.
யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறாள்.

ஆணியில் ரப்பர் பட்டைகள்.
மஞ்சள் இளகியது, சிவப்பு அதைவிட விறைப்பு,
பச்சைக்குப் போனவன் போஜன் ஒருவன்தான்.
இழு, நிறுத்து, மெல்ல விடு.
விடும்போதுதான் தசை அதிகம் உழைக்கிறதாம்.
காரை எலும்புக்குக் கீழே போர்ட் எடுத்த தழும்பு,
ஒரு ரூபாய்க் காசு அகலம்,
ஒவ்வொரு இழுப்புக்கும் சட்டைக்குள் கிள்ளுகிறது.

பிறகு பிசியோ ஜெசிந்தா கேட்பார்:
"எவ்வளவு சிரமம்? பத்துக்கு எத்தனை?"

கோயம்புத்தூர் வார்டிலும் இதே கேள்விதான்.
அங்கே அது வலிக்கான எண்.
அம்மா கட்டிலோரம் இருந்தால் மூன்று என்பேன்.
ஹார்லிக்ஸ் கலக்கப் போயிருந்தால் எட்டு.
நர்ஸ் இரண்டையும் எழுதிக்கொள்வார்,
எதை நம்பினாரோ.
பதினோரு மாதம் அப்படியே எண்ணிப் பழகிய வாய்
இங்கேயும் முதல் நாள் "மூன்று" என்றது.
ஜெசிந்தா என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு
"கை வேற சொல்லுதே" என்றார்.

மூன்றாம் வாரத்திலிருந்து வெளியே,
பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்ட் பக்கம் ஏறும் படிகள்.
நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன்.
பால் கேனோடு வந்தவர் பக்கத்தில் நின்று இரைத்தார்.
முட்டைக்கோஸ் மூட்டைக்காரர் இரைத்தார்.
லேஸ் அவிழ்ந்த ஷூக்களோடு
பள்ளிப் பையன்கள் இரைத்துக்கொண்டே ஓடினார்கள்.
இந்த ஊரில் மூச்சு வாங்குகிறவனை
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

டீ ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறவன் நான்.
ஒன்றரை வருஷமாக
மாடிப்படி, குளியல், சட்டை மாட்டுவது
எல்லா இரைப்பும் அதன் பெயரிலேயே பற்று.
இது மேட்டின் பெயரில்.
கொடுத்துவிட்டு எழுந்துகொள்ளலாம்.

அப்புறம் நாலு வாரம் போஜன் வரவில்லை.
பச்சைப் பட்டை ஆணியிலேயே இருந்தது.
போன் சுவிட்ச் ஆஃப்.
யாரும் யாரையும் கேட்கவில்லை,
கேட்கக் கூடாதென்று ஒரு சட்டம், யார் போட்டதோ.
ரெஜிலா அந்தப் பட்டையை எடுக்கப் போய்
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

ஐந்தாம் வாரம் அவன் அக்கா மார்க்கெட்டில் சொன்னாள்:
திருப்பூரில் வேலை, எக்ஸ்போர்ட் கம்பெனி,
நைட் ஷிப்ட், புது நம்பர்.
அடப் பாவி!
ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேக் வெட்டி அனுப்பியிருப்போமே.
அன்றைக்கு ஐந்து பேரும்
அவனைத் திட்டிக்கொண்டே ஏறினோம்.
பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பார் ஜெசிந்தா.
திட்டுவதும் பேச்சுதானே.

நேற்று நூற்றுப் பத்தாவது படியில்
ஒரு காட்டெருமை.
பனியிலிருந்து பாதி உடம்புதான் வெளியே வந்திருந்தது.
அதுவும் இப்போதுதான் மேடேறி வந்ததோ என்னவோ,
விலா ஏறி ஏறி இறங்கியது,
மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி.
யார் வீட்டு டேலியாவையோ
அவசரமில்லாமல் தின்று முடித்தது.
நாங்கள் சுவரோடு சுவராக.

அந்த நேரத்திலும் ஜெசிந்தா விடவில்லை.
குரலைத் தாழ்த்தி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார்.
எனக்கு ஏழு.
அம்மா பக்கத்தில் நின்றிருந்தாலும் ஏழு.

ரெஜிலா தன் எண்ணைச் சொல்லவில்லை.
"எருமைக்கு எத்தனை அக்கா?" என்றாள்.
வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்,
சிரிப்பு அடிவயிற்றில் முட்ட,
அது சந்தில் இறங்கும்வரை.