இழுவிசை

சவப்பெட்டியைத் தூக்கும் முன்
மால்காஸ் கேட்டானாம், எத்தனை கிலோ இருக்கும் என்று.
போத்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
எடை கேட்காமல் எதையும் தூக்கிப் பழக்கமில்லை.
யாரும் சிரிக்கவில்லை என்றாள் நானுலி, போனில்.
பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்றாள்.

எனக்கு விடுப்பில்லை. போனால் திரும்பிவரக் காகிதமில்லை.
இத்தாலியில், பாரி நகரில், நான்காம் மாடியில்,
ஒரு கிழவிக்குச் சூப் ஆற்றிக்கொண்டு
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி
எல்குஜா வாத்தியாரை அடக்கம் செய்தேன்.

தொண்ணூற்று மூன்று, டிசம்பர்.
ஜார்ஜியாவில் அப்போது மின்சாரம்
சொல்லாமல் வரும், உட்காராமல் போகும்.
சுரங்கத்து மேட்டுக் குடியிருப்புக்கு ஏறும் தொங்குபெட்டி
ஆற்றுக்கு மேலே, பாதிக் கயிற்றில் நின்றது.
ஏழு பிள்ளைகள், ஒரு வாத்தியார்.
தகரச் சுவரைக் காற்று நகத்தால் கீறியது.
லமாரா அழ ஆரம்பித்தாள்.
அவர் ஆறுதல் சொல்லவில்லை, அது அவருக்கு வராது.
சாக்பீஸ் எடுத்துக் கதவில் ஒரு கயிறு வரைந்தார்.
"அறுந்துவிடுமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.
எடையைச் சொல்லுங்கள்."

முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. நாற்பத்தொன்று.
நாற்பத்து நான்கு. நான், முப்பத்தாறு.
லமாரா இருபத்தொன்பது, விக்கலோடு.
மால்காஸ் வாய்விட்டுச் சொல்லமாட்டேன் என்றான்.
அந்தப் பஞ்சத்திலும் கரையாத உடம்பு,
அவனுக்கு அதுதான் வெட்கம்.
வாத்தியார் குனிந்து காதைக் கொடுத்தார்.
"எனக்கு எண்பது" என்றார் சட்டென்று,
மொத்தத்தை மட்டும் எழுதினார்: முந்நூற்று அறுபத்தைந்து.
நாங்கள் விடுவோமா? கழித்துப் பார்த்தோம்.
அறுபத்திரண்டு!
மால்காஸ் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

"விறைப்பான கயிறுதான் சீக்கிரம் அறும்,
தொய்வு இருந்தால் தாங்கும்" என்றார் இருட்டில்,
கடைசித் தீக்குச்சியும் அணைந்த பிறகு.
ஒன்பது மணிக்கு யாரோ
கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எங்களை இறக்கினார்கள்.
விடை: அறாது.
மறுநாள் அதே கணக்கை நோட்டில் எழுதச் சொன்னார்.
அலகு எழுதாததற்கு எனக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்.
ஐந்து மணி நேரம் அந்தரத்தில் தொங்கியவளுக்கு!
அதை நான் மன்னித்ததே இல்லை.

தெமூரி செம்புக் கம்பி திருடி உள்ளே போனபோது
மாதம் ஒருமுறை பார்க்கப் போனாராம்,
கையில் ஒரு கணக்கு, வாய் நிறைய வசவு.
இப்போது அவன் மின்வாரியத்தில் கம்பி இழுக்கிறான்.
குழிக்குள் இறங்கி நின்று பெட்டியை வாங்கியது அவன்தானாம்.

"இன்னொன்று" என்றாள் நானுலி.
ஆஸ்பத்திரியில் பழைய கோப்புகளை எரிக்கச் சொன்னார்களாம்.
அவர் அட்டை கிடைத்தது.
தொண்ணூற்று நான்கு, ஜனவரி.
உயரம் நூற்று எண்பத்தொன்று.
எடை ஐம்பத்து நான்கு.

போனில் கொஞ்ச நேரம் யாரும் இல்லாதது போல இருந்தது.
திங்கட்கிழமைதோறும் மேசையில் வைப்பாரே,
வீட்டில் மீந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று,
அந்த ரொட்டியை
நாங்கள் இரண்டு பேருமே எடுத்துப் பேசவில்லை.
சூப் ஆறிப்போயிருந்தது.

ஆக, அந்தக் கணக்கு தப்பு.
கயிற்றுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

இன்று வெள்ளி. சிஞ்ஞோரா ஃபிலோமேனாவை எடை பார்க்கும் நாள்.
இன்னும் இரண்டு கிலோ குறைந்தால்
மகள் முதியோர் விடுதியில் விட்டுவிடுவாள்.
கிழவி என் தோளைப் பிடித்துக்கொண்டு
இயந்திரத்தில் ஏறுகிறாள், நிமிர்ந்து, மகாராணி போல.
அங்கிப் பையில் பித்தளைக் குழவி
முட்டிக்கொண்டு நிற்கிறது.
சமையலறையில் உரல் தனியாக இருப்பதை
காலையிலேயே பார்த்தேன்.

கழிக்கத் தெரியும் எனக்கு.

நாற்பத்தொன்பது கிலோ என்று எழுதுகிறேன்,
அலகு மறக்காமல்.