தரை முழுக்கக் கடல்

கணப்பிலிருந்து மூன்றாவது பலகை கத்தும்.
ஐந்தாவது, ஓரத்தில் மிதித்தால் மட்டும்.
சன்னலை ஒட்டிய நீளப் பலகையை நம்பவே கூடாது:
கால் வைக்கும்போது சும்மா இருந்துவிட்டு
எடுக்கும்போது காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.
தார்த்து நகரத்து நில அளவை அலுவலகத்தில்
பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன்.
முக்காலியை ஊன்றி, ஒற்றைக் கண்ணை மூடி
இவர் வேலி எங்கே முடிகிறது
அந்த பைன் மரம் யாருக்குச் சொந்தம் என்று
மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்வேன்.
என் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

இப்போது மணி இரண்டே முக்கால்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
என் தோளில் ஈடா. வயது எழுபத்திரண்டு நாள்.
ஒன்றரை மணி நேரம் உலகத்தைத் திட்டிவிட்டு
இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.
கணப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே நான்கு மீட்டர்.
நான்கு மீட்டரும் கடல்.

ஏழு வயதில் நாங்கள் கண்டுபிடித்த கடல்.
சோபா ஒரு தீவு, கவிழ்த்த வாளி ஒரு தீவு,
என் அண்ணன் தானெல் சுறா.
தரையைத் தொட்டால் செத்தோம்.
சாப்பிடக் கூப்பிட்டால் உயிர்த்தெழுந்தோம்.
பிறகு ஏதோ ஒரு கோடையில்
யாரும் சொல்லாமலே தண்ணீர் வற்றிவிட்டது.

ஈடா பிறந்த அன்று ஒரு படிவம் நீட்டினார்கள்.
'தந்தை' என்ற கட்டத்தை நிரப்பும்போது
பின்னால் வேறு யாராவது பெரியவர் நிற்கிறாரா என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
சுவரில் தீயணைப்புக் கருவி இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் முன்னோர் கெட்டிக்காரர்கள்.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் சறுக்கிப் போகிறாயோ
அவ்வளவு உயரம் வளருமாம் ஆளிச்செடி.
தாடி வைத்த குடியானவன் ஒருவன்
பனியில் குப்புற விழுந்து, மூக்கெல்லாம் வெள்ளையாக எழுந்து
'எல்லாம் விளைச்சலுக்காக' என்று சொல்லியிருப்பான்.
இன்று எங்கள் தெருவில் யாருக்கும் ஆளி நிலம் கிடையாது.
ஆனாலும் போன செவ்வாய்
வழக்கறிஞர் அம்மாள் ஒருத்தி, உயர்ந்த கம்பளிக் கோட்டோடு,
சூப்பர்மார்க்கெட் பையில் உட்கார்ந்து சறுக்கிப் போனாள்
அலறிக்கொண்டே.

நான் போனதற்கு
'பிள்ளைக்காக' என்று சொல்லிக்கொள்ளலாம்.
பொய். பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.
ரொட்டி வாங்கத்தான் அனுப்பியிருந்தார்கள்.
மூன்று முறை சறுக்கினேன்.
ரொட்டி நசுங்கிவிட்டது.

சரி. கடல்.
ஒன்று. இரண்டு. மூன்றைத் தாண்டு.
காதருகே பால்வாடை மூச்சு.
நான்கில் மூன்று விரல், ஐந்தின் நடுமுதுகில் குதிகால்.
அடியில் சுறா உண்டு:
கீழ்வீட்டு எவால்டு, துடைப்பக் கட்டையோடு படுப்பவர்.
அடிவயிற்றில் அதே பழைய குறுகுறுப்பு.
அடக்கி வைத்த சிரிப்பில் தோள் குலுங்க
ஈடா ஒரு படகு மாதிரி ஏறி இறங்கினாள்.

அப்போதுதான் பார்த்தேன்,
கட்டிலில் கைரித் விழித்திருந்தாள்.
எவ்வளவு நேரமாகவோ.
அரசாங்க நில அளவையாளர்,
உள்காற்சட்டையில், ஒற்றைக்காலில், கொக்கு மாதிரி.
விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தன் தலையணையை உருவி
எனக்கும் தொட்டிலுக்கும் நடுவில் எறிந்தாள்.

தீவு.

ஏறினேன். குனிந்தேன். பிள்ளையைக் கிடத்தினேன்.
முதுகெலும்பில்தான் ஒரு சொடக்கு, வேறு சத்தமில்லை.
கரையேறிய மமதையில் நிமிர்கிறேன்,
கைரித் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.
நேராக, முழுப் பாதத்தோடு, மூன்றாவது பலகையில்.

கீழேயிருந்து இரண்டு இடி.
ஈடா கண்ணைத் திறந்தாள்.

'செத்தாய்' என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.
இருட்டில் அவள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.
'எனக்கு மூன்று உயிர்' என்றாள்.
சொல்லிக்கொண்டே
சன்னலோரப் பலகையையும் மிதித்தாள்.