ஏற்றும் ஒழுங்கு

இரவு பத்தரை. ரிக்கற் கட்டை மேசையில்.
பக்கத்தில் ஏழு அங்குலத் திரை.
இரண்டு கையாலும் பிடிச்சால் ஸ்ரேறிங் மாதிரித்தான்.
பேர்மிங்காமுக்குப் படிக்கப் போன துஷியந்தன்
அரைவிலைக்குத் தந்தது.
இடப்பக்கக் குமிழ் கொஞ்சம் தானாய் இழுக்கும்.
"உங்கட பஸ்ஸும் அப்பிடித்தானே" எண்டான்.

வெறும் கேமில்
ஜேர்மன்காரன்ர பஸ்.
கதவு சாத்தாமல் அரங்காது.
சனம் வரிசையில் நிண்டு ஏறும்.
அதில என்ன இருக்கு?

எனக்கு வேணும் எழுநூற்றைம்பது.
முன்கண்ணாடிக்கு மேல பிளாஸ்ரிக் மாலை,
பிள்ளையாரும் மாதாவும் ஒரே பலகையில்,
பருத்தித்துறை எண்டு மூண்டு மொழியில்,
நெல்லியடிச் சந்தியில் படுத்த நாய்
எழும்பி ஓடுற ஹோர்ண்.

குருநாகலில் ஆரோ ஒரு பெடியன்
எல்லாத்தையும் செய்து
சும்மா விட்டிருக்கிறான்.
நான் செய்யவேண்டியது ஏற்றுறது மட்டும்.

மட்டும்!

பொதியை அவிழ்த்தால் உள்ளுக்கு இன்னொரு பொதி.
அதுக்குள்ள ஒரு குறிப்பு, பாதி சிங்களம்:
இதைப் போட முதல் அதைப் போடு.
அதைப் போடப் போனால்
அதுக்கு வேற ஒண்டு வேணுமாம்.
எழுத்து எள்ளு மாதிரி.
என்ர விரல் பத்து ரூபாக் குத்தி.
ஓம் எண்டு தொட்டால் இல்லை எண்டதில் படுது.
விசைப்பலகை எழும்பி
நான் தொடவேண்டிய இடத்தையே மூடுது.
வைரஸ் காவல்காரன் ஹோர்ணைக் கண்டு பயந்து
அழிச்சுப் போட்டான்.
திருப்பி இறக்க, எண்பத்தெட்டு வீதத்தில்
டேற்றா முடிஞ்சுது.

தங்கச்சி சுகிர்தா
தலகணிக்குக் கீழ இருந்து போனை நீட்டினாள்,
கண் திறக்கேல்லை.

முதல்தரம் கறுப்பு.
இரண்டாம்தரம் பஸ் வந்தது, முழுக்கக்
கத்துற ரோசா.
ரயர் ரோசா, கண்ணாடி ரோசா,
பிள்ளையாரும் மாதாவும்
ஒரே நிறத்தில்.

ஒழுங்கு பிழை.
பட்டியலில் கீழ நிக்கிறது
மேல நிக்கிறதை வெல்லுமாம்.
எங்கட பஸ்ஸில் இது நேர்மாறு:
முதல் ஏறினவர் சீற் பிடிப்பார்,
கடைசியாய் ஏறினது மிதிபலகையில் தொங்கும்.
பதினொரு வருசம் நான் நிண்டது
அந்தக் கடைசிப் படியில்.

பஸ்ஸை மேல ஏற்றினன்.
பெயின்ற் அதுக்குக் கீழ.
ஹோர்ண் படியில் தொங்கட்டும்.

பன்னிரண்டு ஐம்பது.
விசிறி இரைய, உள்ளங்கை சுட,
பனி கொட்டுற ஏதோ ஒரு பட்டினத்தில்,
பேர் வாசிக்கேலாத தரிப்பிடத்தில்
வந்து நிண்டது
பருத்தித்துறை பஸ்.

சாரதி சீற்றில் நான்.
யோகநாயகமண்ணை ஒருநாளும் தராத சீற்.
"உனக்குக் கை பதறும்" எண்பார்.
பதறேல்லை அண்ணை.
குமிழ்தான் இழுக்குது.

கோட்டுப் போட்ட மனிசி ஏறினா.
பை சுமந்த ஒருத்தன், பிறகு இரண்டு பேர்.
காசு தரேல்லை. மிச்சம் கேக்கேல்லை.
பின்னுக்கு இடம் கிடக்க எல்லாரும் முன்னுக்கு நெருக்கினம்,
உள்ளுக்குப் போங்கோ எண்டு சொல்ல
ஒரு வாய் இல்லை.
திரும்பிப் பார்க்கிற பொத்தானை அமத்தினன்.
மிதிபலகை வெறுமை.

பிடிகம்பியில் சுத்தின சிவப்பு ரேப் வரைக்கும்
கீறியிருக்கிறான் அந்தப் பெடியன்.
கொண்டக்டரைக் கீறேல்லை.
தேடினன்.
முப்பத்தாறு ஹோர்ண் கிடக்கு,
மழைத்துளி வழியிற கண்ணாடி கிடக்கு,
என்னைப்போல ஒருத்தன்
எங்கயும் இல்லை.

பற்றரி ஒன்பது வீதம்.
கதவு திறந்தபடி. சனம் பார்த்தபடி.
கால் எடுபடேல்லை எனக்கு.

தகரத்தில் தட்டுறமாதிரி
மேசையில் இரண்டு தட்டு.
மெல்லமாய், ஆருக்கும் கேக்காமல்:

றைட்.

அதுக்குப் பிறகுதான் விரலை அமத்தினன்.

சுவருக்கு அங்கால இருந்து,
நித்திரையோ முழிப்போ தெரியேல்லை,
"என்ர டேற்றாக் காசு" எண்டாள் சுகிர்தா.

நாளைக்குத் தாறன்.
சில்லறை இல்லை.