பூஜ்ஜியத் தடம்

கொம்தார் மூன்றாம் மாடி, மின்படிக்கட்டு ஓடாத பக்கம்.
மிலோ பெட்டியில் வைத்துக் கயிறு கட்டி
ஒரு நானூற்று எண்பத்தாறைத் தூக்கி வந்தார் மரியதாஸ்.
பிறையில் லோரி கம்பெனி மூடி ஏழு வருஷம்.
கிராணி வீசியதை இவர் எடுத்து வைத்திருந்திருக்கிறார்.
"சேமநிதிக் கணக்கு உள்ள இருக்கு, தங்கச்சி.
பட்டர்வொர்த் கடைக்காரன் ஃப்ளாப்பி போட்டுப் பார்த்தான்.
ஒண்ணுமே இல்ல, ஃபார்மெட் பண்ணிடலாம்னான்."

ஃப்ளாப்பி போட்டால் ஒன்றும் தெரியாதுதான்.

அந்தக் காலத்து பயோஸுக்கு
ஆயிரத்து இருபத்து நான்குக்கு மேல் எண்ண வராது.
டிஸ்க்கிலோ உருளைகள்
இரண்டாயிரத்து நானூற்று எண்பத்து நான்கு.
நடுவில் ஒரு டிரைவர்.
பூஜ்ஜியத் தடத்தில் படுத்திருந்து
டாஸ் கண் விழிக்கும் முன்னே எழுந்து உட்காரும்.
உருளையை நாலால் வகுக்கும், தலையை நாலால் பெருக்கும்.
'அறுநூற்று இருபத்தொன்றுதான் ஐயா,
தலை மட்டும் அறுபத்து நாலு'
என்று மேலே ஒரு கணக்கு.
கீழே வேறு கணக்கு.
திறந்து பார்த்தால் இரண்டே தட்டு, நாலே தலை.
டிஸ்க்கும் தன் பங்குக்குப்
பதினாறு என்று அளந்திருக்கிறது.

சொன்னேன். மரியதாஸ் சிரித்தார்.
"எடைமேடையில நாங்க சொல்லாததா?
ஏத்துனது இருபது டன், சீட்டுல பதினாலு.
நானும் டிரைவர்தான்."

ஃப்ளாப்பி போடாமல் எழுப்பினேன்.
ஓர் இருமல். பிறகு மெல்ல ஏறும் ஊளை.
கறுப்புத் திரையில் ஒற்றை வரி:
ஃப்ளாப்பியில் தொடங்க ஸ்பேஸ்பாரைத் தட்டவும்.
இரண்டு நொடிதான் நிற்கும்.
தட்டினேன்.
டிரைவர் ஏறி உட்கார்ந்தாயிற்று,
இனி எந்த ஃப்ளாப்பி வேண்டுமானாலும் போடலாம்.
சி, கோலன், டிர்.
கொட்டின, மாதம் மாதமாய்க் கோப்புகள்.

பழைய எப்சனில் அடித்தேன், ரிப்பன் வெளிறியிருந்தது.
அவர் பெயரில் ஓர் எழுத்துத் தப்பு.
தொண்ணூற்றேழு ஆகஸ்ட் முதல்
பிடித்த பத்தியில் பணம்,
கட்டிய பத்தியில் சைபர்.
பதினொரு மாதம் சைபர்.

விரல் வைத்து எண்ணினார்.
முடித்து, மறுபடி மேலிருந்து.
நான் எதற்கோ
டிரைவரில் தவறு இருக்குமோ என்று
இன்னொரு முறை சரிபார்த்தேன்.
இல்லை. எழுதியிருந்ததைத்தான் கொடுத்திருந்தது.

"இன்னொரு காப்பி அடிம்மா, முதலாளி வீட்டுக்கு."
பதினைந்து வெள்ளி எண்ணி வைத்தார்.
அணைக்கக் கை நீட்டினேன்.
"இருக்கட்டும், கொஞ்ச நேரம் ஓடட்டும்."
மழை விடும் வரை
அது ஓடிக்கொண்டிருந்தது.