முப்பத்தேழாவது குழாய்

புறக்கோட்டை, ஐந்தாம் குறுக்குத் தெரு.
நன்னாரி வேர் நாலு கிலோ.
"சர்பத்துக்கோ?" என்றார் முத்தலிப் நானா.
மெதனோலுக்கு என்றேன்.
தராசுத் தட்டை ஊதித் துடைத்துவிட்டுக்
கூடுதலாக ஒரு பிடி போட்டார்.
நோயின் பெயர் என்று நினைத்திருப்பார்.

அரைத்து ஏழு நாள் ஊறவிட்டோம்.
எட்டாம் நாள் ஆய்வுகூடம் முழுக்க
கல்யாண வீட்டுக்காரர் வந்துபோன வாசனை.
கிருமி படர்ந்த தட்டில்
சாறு தொட்ட இடத்தைச் சுற்றி
ஒரு தெளிந்த வட்டம்,
பதினான்கு மில்லிமீற்றர்.
அதற்குள்தான் இரண்டு வருடம் குடியிருந்தேன்.

கண்ணாடிக் குழலில் சிலிக்கா.
மேலிருந்து ஹெக்சேன், பிறகு
கொஞ்சம் கொஞ்சமாய் எதைல் அசற்றேற்று.
சொட்டு.
சொட்டு.
பற்றிக்கொள்வது பின்தங்கும்,
பற்றில்லாதது முதலில் இறங்கும்.
இதை ஞானம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்,
வெறும் முனைவுத்தன்மை.

மின்வெட்டு மாலைகளில் டோர்ச் வெளிச்சத்தில்
திலினி குழாய் மாற்றினாள், சிங்களத்தில் எண்ணியபடி.
நான் தமிழில் எழுதினேன்.
இருபத்தொன்பதில் இருவருக்கும் கணக்குப் பிசகியது.
மின்சாரம் வந்ததும் ஆவியாக்கி சுழலும்;
பனிக்குடுவையில் தேங்கும் கரைப்பானைக்
கழிவுக் கானில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

முப்பத்தேழாவதில், ஓர் இரவு கழிந்து,
வெள்ளை ஊசிகள்,
பூனை மீசை மாதிரி.
நாங்கள் கத்திய கத்தலில்
காவலாளி படியேறி வந்தார்.

என்.எம்.ஆர். அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.
பீற்றா சிற்றோஸ்டெரோல்.
எந்தச் செடியைப் பிழிந்தாலும் வருவது.
அன்று என் சோற்றுப் பார்சலின் பயற்றங்காயில் இருந்தது,
திலினியின் பலாக்கொட்டைக் கறியில் இருந்தது.
தட்டில் வைத்தோம்.
கிருமி அதைச் சட்டை செய்யவில்லை.

வட்டம் போட்டது யார்?
முன்னும் பின்னுமாய் எண்பத்தொரு குழாய்களைத்
தனித்தனியே விசாரித்தோம்.
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
எல்லாவற்றையும் கலந்து வைத்தோம்.
அப்போதும் இல்லை.
திலினி மூக்கைக் குழாய்க்குள் நுழைக்காத குறை:
"மணக்கவேயில்லை, பார்த்தாயா" என்றாள்.
எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.

புது வேர் அரைத்த மாலை,
வெள்ளவத்தைக்கு நூறாம் நம்பர் பஸ்.
பக்கத்துச் சீற்றுப் பெண் என் தலைப்பக்கம் சாய்ந்து
"என்ன எண்ணெய் வைக்கிறீங்க?" என்றாள்.
பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு.
கொப்பியை எடுத்தேன்,
பஸ் உதறிய எழுத்தில்:

திங்கள். பனிக்குடுவையில் தேங்குவதை
ஊற்றாதே.