வருங்காலம், நெருப்பு நிலம்

போர்வெனீர் என்றால்
எங்கள் பேச்சில் வருங்காலம்.
ஊர் இருக்கும் தீவுக்கு நெருப்பு நிலம் என்று பெயர்.
இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி
மேலே நெவென்கா என்று என் பெயரைப் போட்டால்
முகவரி ஆகிவிடுகிறது.

பார்த்தவர்கள் சும்மா விடுவதில்லை.
தார்த்து நகரத்துப் பல் மருத்துவர் கேட்டிருந்தார்:
வருங்காலத்தில் எப்படி இருக்கிறீர்கள்?
எழுதினேன்:
இங்கேயும் உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டது.

நீரிணை கடக்கும் படகுக்குச் சீட்டுக் கொடுப்பவள் நான்.
காற்று முற்றினால் துறையை மூடுவார்கள்.
லாரிகள் நிற்கும். லாரிகளில் ஆடுகள் நிற்கும்.
அக்கரையில், தபால் சாக்குக்குள்,
என் அட்டைகள்
ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும்:
ஒசாகாவின் குடைக்கடை முதுகில்
கானாவின் மீன் சந்தை.
அந்த மூன்று நாளும் நான் பணக்காரி.
என்ன வந்திருக்கிறது என்று தெரியாத பணம்.

யாரையும் பார்த்ததில்லை.
எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும்.
இடம் போதாமல் ஓரத்தில் ஏறி
தபால்தலையைச் சுற்றிக்கொண்டு போகிறவர் யார் என்று தெரியும்.
எல்லாருக்கும் அது இரவல் மொழி.
பிழைகள் மட்டும் சொந்தம்.
"என் நாய்க்கு நேற்று ஆறு வயது ஆகப்போகிறது"
என்ற வரியைத் திருத்த
எனக்கு மனம் வரவே இல்லை.

தபால்காரர் ருடெசிந்தோ
எனக்கு முன்பே படித்துவிடுவார்.
மூடாத கடிதம் ஊருக்குப் பொது, என்பார்.
போன மாதம் கூண்டு ஜன்னலில் தலையை நீட்டி
அந்த லிஸ்பன் அம்மாளுக்கு முழங்கால் தேவலையா,
ஏன் இன்னும் எழுதவில்லை, என்று
என்னைக் கோபித்தார்.

ஜூனில் ஒன்று வந்தது, மழை குடித்துவிட்டு.
படம் பிழைத்திருந்தது: மஞ்சள் டிராம், ஈரத் தெரு.
பின்பக்கம் முழுக்க நீலக் குளம்.
கரையேறியது ஒரே சொல்:
ஏனென்றால்.

அனுப்பியவர் இல்லை. ஊர் இல்லை.
சூடான அடுப்பின் மேல் நிறுத்தி வைத்தேன்,
காய்ந்தால் மீதியைச் சொல்லும் என்பதுபோல.
சொல்லவில்லை.
உருளை உரிக்கும்போது ஏனென்றால்.
சில்லறை எண்ணும்போது ஏனென்றால்.
பொறுக்கமாட்டாமல்
பதினோரு அட்டை வாங்கி
பதினோரு பேருக்கு எழுதினேன்:
ஒருவர் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்,
நீங்கள் முடித்துக் கொடுங்கள்.

வந்தன.

நமீபியாவின் ரயில்வே ஊழியர்:
ஏனென்றால் அந்த மழை எங்களுடையது,
தப்பி அங்கே வந்திருக்கிறது, திருப்பி அனுப்பவும்.

சப்போரோவில் பத்து வயது:
ஏனென்றால் என் பேனா தீர்ந்துவி

திபிலிசிக்காரர் எதுவும் எழுதவில்லை.
ஒரு பிளம் பழம் வரைந்து
அதன் நிழலை முகவரி வரை இழுத்திருந்தார்.

பல் மருத்துவர்:
ஏனென்றால் இன்று யாருக்கும் பல் வலிக்கவில்லை.

ருடெசிந்தோவை நான் கேட்கவே இல்லை.
அவராகவே சொன்னார்: ஏனென்றால் காற்று.
சொல்லிவிட்டு சைக்கிளை எதிர்க்காற்றில் தள்ளிக்கொண்டு போனார்.

பதினோராவது நேற்று.
கையில் வாங்கினேன், திருப்பக்கூட இல்லை,
பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.
தகர வீடுகளைத் தாண்டி ஓடினேன்,
தொப்பி போனது, போகட்டும்,
ரொட்டிக்கடை வாசலில் இருந்தவர்கள்
இடப்பக்கம் இடப்பக்கம் என்று கத்தினார்கள்,
யாருடையதோ ஒரு கறுப்பு நாயும் சேர்ந்துகொண்டது.

ஊர் முடிகிற கம்பிவேலியில்
அப்பி நின்றது அட்டை.
படம் என் பக்கம்:
மங்கோலியாவில் ஒரு ரயில் நிலையம், ஆள் இல்லை.
எழுத்து அந்தப் பக்கம்.
அங்கே ஓர் ஆடு
மென்றுகொண்டே
வெகு நேரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் நீ படி, என்றேன்.
மூச்சு வாங்க வேண்டியிருந்தது எனக்கு.